ஒரு வருஷம் போனால் என்ன போகும்?

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் மே மாதம் வந்தால் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். கல்லூரியில் மூன்றாம் வருஷம் முடிக்கும் பிள்ளைக்கு ஜிபிஏ 3.1. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 501. “மார்க் கொஞ்சம் கம்மிதான். பரவாயில்ல, இந்த வருஷமே அப்ளை பண்ணிடு. மத்ததெல்லாம் நல்லாக் காட்டி ஈடு கட்டிடலாம். ஒரு வருஷம் வீணாகக் கூடாது.” சொல்பவர் அப்பாவாக இருக்கலாம், சனிக்கிழமை விருந்துக்கு வந்த டாக்டர் மாமாவாக இருக்கலாம், மணிக்கணக்கில் காசு வாங்கும் ஆலோசகராகவும் இருக்கலாம். மூன்று பேரும் ஒன்றையே சொல்வதால் அது அனுபவத்தில் தேறிய உண்மை என்று வீடு நம்பிவிடுகிறது.

அது உண்மை இல்லை என்பதுதான் என் வாதம். குறைந்த மதிப்பெண்ணை வேறு எதைக் கொண்டும் ஈடு கட்ட முடியாது; புதிய மதிப்பெண்தான் அதைச் சரிசெய்யும். புதிய மதிப்பெண் வாங்கக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைத்தான் ‘வீணாகும் வருஷம்’ என்று பெயர் வைத்துப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

முதலில் களம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் எம்.டி. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு வருஷத்தில் ஏறத்தாழ 52,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் 23,000 பேர். அப்படிச் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77-ஐத் தாண்டிவிட்டது, எம்கேட் சராசரி 511-க்கும் 512-க்கும் நடுவில். 472-இல் தொடங்கி 528-இல் முடியும் அந்தத் தேர்வில் 501 என்பது நட்டநடுவில் நிற்கும் எண். 511 என்பது தேர்வெழுதுவோரில் ஐந்தில் நான்கு பேரைத் தாண்டிய இடம். நடுவில் இருப்பது குற்றமில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் கிடக்கும் தூரத்தை ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நூறு மணி நேரம் உட்கார்ந்து கடந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் இந்த எண்களைப் பார்த்ததே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி அந்த ‘ஒரு வருஷம்’. ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப முறை மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது. மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். ஜூன் கடைசியில் கல்லூரிகளின் கைக்குப் போய்ச் சேரும். பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேள்விகள் அனுப்பும், அவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம். இலையுதிர் காலத்திலும் குளிரிலும் நேர்காணல்கள். முடிவுகள் வசந்தம்வரை சொட்டுச் சொட்டாக வரும். வகுப்பு தொடங்குவது அடுத்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில். அதாவது ஒரு சுற்று என்பதே பதினான்கு மாதத்துக்குக் குறையாது.

இப்போது 3.1-ஐயும் 501-ஐயும் வைத்துக்கொண்டு ‘வருஷம் வீணாகக் கூடாது’ என்று ஜூனில் விண்ணப்பித்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் முழுவதும் கல்லூரிகளின் கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கழிகிறது. அக்டோபரிலிருந்து மின்னஞ்சலைத் திறந்து மூடுவதில் கழிகிறது. இருபத்தைந்து கல்லூரிகளும் கை விரித்துவிட்டன என்பது உறுதியாகும்போது மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். அடுத்த மாதமே அடுத்த சுற்று திறக்கிறது. கையில் இருப்பதோ அதே 3.1, அதே 501. வருஷம் போய்விட்டது, கூடவே பணமும் போய்விட்டது. முதல் கல்லூரிக்கு 175 டாலர், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது டாலருக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிட்டால் இருபத்தைந்து கல்லூரிக்கு ஏறத்தாழ 1,300 டாலர். இரண்டாம் கட்டக் கட்டணங்கள் பெரும்பாலும் நூறு டாலர் அளவில் இருப்பதால் அது இன்னொரு இரண்டாயிரத்தை எளிதாகத் தாண்டும். எதைக் காப்பாற்ற அவசரப்பட்டார்களோ, அதையே அவசரம் முதலில் தின்றிருக்கிறது.

தீங்கு அதோடு நிற்பதில்லை. அந்த இருபத்தைந்து கல்லூரிகளிலும் இந்தப் பிள்ளை இனி ‘மறுபடி விண்ணப்பித்தவர்’. பல கல்லூரிகள் தங்கள் கேள்வித்தாளிலேயே நேராகக் கேட்கின்றன: சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது? மாறுவதற்கு இடமே கொடுக்காமல் வளர்த்த பிள்ளை இதற்கு என்ன எழுதும்? ஒருவர் எத்தனை முறை விண்ணப்பிக்கலாம் என்பதற்கே வரம்பு வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. முதல் முயற்சி என்பது செலவழிந்தால் திரும்பாத பொருள். ‘சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்’ என்ற வசதி இந்த முறையில் கிடையாது.

ஈடு கட்டும் கதைக்கு வருகிறேன். ஆம்காஸ் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு 15 இடங்கள். அவற்றில் 3-ஐ மிக முக்கியமானவை என்று குறிக்கலாம். நம் வீடுகளில் இந்தப் பதினைந்தையும் நிரப்புவது ஒரு தனி வேள்வி. கோயில் விழாவில் தன்னார்வலர், தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியர், பரதநாட்டிய அரங்கேற்றம், கார்டியாலஜிஸ்ட் மாமாவிடம் ஷேடோயிங், ஒரு ஆய்வுக்கூடத்தில் எலிக்குத் தீனி. இவற்றில் எதையும் நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. உண்மையாகச் செய்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அவை பதில் சொல்வது வேறு கேள்விக்கு. ‘இந்த ஆள் ஏன் டாக்டராக வேண்டும், நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாரா?’ என்ற கேள்விக்கு ஹாஸ்பிஸில் செலவழித்த மாதங்கள் பதில் சொல்லும். ‘முதல் வருஷத்தில் உடலியலும் உயிர்வேதியியலும் ஒன்றாகத் தலையில் விழும்போது இவர் தாங்குவாரா?’ என்ற கேள்விக்கு அவை வாய் திறக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் வாங்கிய ‘சி’ ஏற்கனவே சொல்லிவிட்டது. அதை மறுத்துப் பேசக்கூடியது பிறகு வாங்கிய ‘ஏ’ மட்டும்தான். ‘முழுமையான மதிப்பீடு’ என்று கல்லூரிகள் சொல்வதை நம்மவர்கள் ‘ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் கூட்டிக்கொள்ளலாம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். எல்லாவற்றையும் பார்ப்போம் என்றால் மதிப்பெண்ணையும் பார்ப்போம் என்றுதான் பொருள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், உறவினர் நடத்தும் மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு மாட்டி, ஊசி போட்டேன், தையல் போட்டேன் என்று எழுதும் வழக்கம் இருக்கிறதே, அது விண்ணப்பத்தைக் கெடுக்கும். பயிற்சி இல்லாத மாணவர்கள் வெளிநாட்டில் நோயாளிகள்மேல் கைவைப்பதைப் பற்றி அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே எச்சரித்து வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அமெரிக்காவில் செய்யக் கூடாததை நம் ஊர் ஏழை நோயாளியிடம் செய்தேன் என்று பெருமையாக எழுதுவதைத் தேர்வுக் குழுவில் இருப்பவர் எப்படி வாசிப்பார் என்று யோசித்திருந்தால் யாரும் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

சரி, புதிய மதிப்பெண் என்றால் என்ன கணக்கு? நம்மவர்கள் பெரும்பாலும் பார்க்காத பகுதி இது. 120 கிரெடிட் முடித்து ஜிபிஏ 3.0 வைத்திருப்பவருக்கு மொத்தப் புள்ளி 360. பட்டம் முடித்தபின் ஒரு வருஷம் 30 கிரெடிட் அறிவியல் பாடங்கள் எடுத்து, எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்கினால் 480-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும்: 3.2. இரண்டு வருஷம், 60 கிரெடிட் என்றால் 600-ஐ 180-ஆல் வகுத்து 3.33. இதைக் காட்டியதும் அவசரக்காரர் சிரிப்பார்: “பாத்தியா, ஒரு வருஷம் உழைச்சு பாயிண்ட் டூ! இதுக்கா காத்திருக்கணும்?”

அவர் கடைசி எண்ணை மட்டும் பார்க்கிறார். ஆம்காஸ் தேர்வுக் குழுவிடம் கொடுப்பது ஒற்றை எண் அல்ல, ஒரு கட்டம். முதல் வருஷம், இரண்டாம் வருஷம், மூன்றாம், நான்காம் வருஷம், பட்டத்துக்குப் பிந்தைய இளநிலைப் பாடங்கள், முதுநிலை என்று தனித்தனி வரிகள். ஒவ்வொரு வரியிலும் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்து ஒரு சராசரி, மற்ற பாடங்களுக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று. 2.6, 2.9, 3.2, 3.4 என்று ஏறி, பட்டத்துக்குப் பிந்தைய வரியில் 4.0 என்று முடியும் கட்டமும், 3.4-இல் தொடங்கி 2.8-க்கு இறங்கிய கட்டமும் மொத்தத்தில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். வாசிப்பவருக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள். அந்த நான்கு புள்ளி பூஜ்யம் எழுதப்படும் வரி, காத்திருந்தவருக்கு மட்டும் கிடைக்கும் வரி.

இதே இடத்தில்தான் காசு தின்னும் தவறான அறிவுரைகளும் நடமாடுகின்றன. “தோத்த பாடத்தைத் திரும்ப எழுது, பழைய மார்க் அழிஞ்சிடும்” என்பது ஒன்று. அழியாது. ஆம்காஸ் இரண்டு முறையையும் சேர்த்தே கணக்கிடுகிறது. எம்.டி.க்கு இணையான டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கான விண்ணப்ப முறையில் முன்பு பழைய மதிப்பெண்ணை மாற்றும் சலுகை இருந்தது, 2017-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். டெக்சஸ்வாசிகளுக்கு மட்டும், பத்து வருஷத்துக்கு முந்தைய படிப்பை மொத்தமாக ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க மாநிலச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. இன்னொரு அறிவுரை, “மாஸ்டர்ஸ் பண்ணு, ஜிபிஏ ஏறிடும்”. ஏறாது. முதுநிலை மதிப்பெண் தனி வரியில் நிற்கும், இளநிலைச் சராசரியைத் தொடாது. ஜார்ஜ்டவுன் நடத்துவதுபோன்ற சிறப்பு முதுநிலைப் படிப்புகளில், மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடங்களையே அவர்களோடு சேர்ந்து படித்துத் தேறிக் காட்டலாம். இளநிலைச் சராசரி ஓரளவு தாங்கக்கூடியதாக இருந்து, இன்னும் ஒரு வலுவான சான்று தேவைப்படுபவருக்கு அது பயன்படும். ஆனால் செலவு பல பத்தாயிரம் டாலர். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மத்திய அரசின் கிராட் பிளஸ் கடனும் இல்லை. அங்கே போய் ‘பி’ வாங்கினால் மருத்துவப் பாடமே தாங்கவில்லை என்பதற்கு நீங்களே காசு கொடுத்துச் சான்று வாங்கியதாகிவிடும். 2.9-இல் நிற்கும் பிள்ளைக்கு மாநிலக் கல்லூரியில் உடலியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என்று ஒவ்வொரு செமஸ்டராக எடுத்துத் தேறுவதே சரி. பகட்டு இல்லாத வழி என்பதால் விருந்துகளில் யாரும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எம்கேட்டிலும் அவசரம்தான் வில்லன். ஒரு காலண்டர் வருஷத்தில் 3 முறை, அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் 4 முறை, வாழ்நாளில் 7 முறை என்பது வரம்பு. எழுதிவிட்டு ரத்து செய்தாலும் கணக்கில் சேரும். பழைய எண்களை மறைக்கவும் முடியாது. எத்தனை முறை மதிப்பெண் வாங்கினாலும் அத்தனையும் கல்லூரிக்குத் தெரியும். 501 வாங்கி ஆறே வாரத்தில் மறுபடி எழுதி 502 வாங்கியவர், தன் இடம் அதுதான் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தேர்வை நடத்தும் சங்கமே முழு நீள மாதிரித் தேர்வுகள் வெளியிடுகிறது. அவற்றில் தொடர்ச்சியாக எந்த எண் வருகிறதோ, அதை ஒட்டித்தான் உண்மைத் தேர்விலும் வரும். அங்கே 510 வராதவரை தேதி பதிவு செய்யாமல் இருப்பதற்குத் துணிச்சல் வேண்டும். “தேதி போயிடும், புக் பண்ணிடு” என்று பின்னால் நிற்கும் அப்பாவால் அந்தத் துணிச்சல் வராது.

“அவங்க பையனுக்கு 3.2-லேயே கிடைச்சுதே” என்பார்கள். கிடைத்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஜிபிஏ 3.8, எம்கேட் 518 வைத்திருந்தும் இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறார்கள் என்பதையும் சங்கம் வெளியிடும் அட்டவணையே காட்டுகிறது. இரண்டு ஓரங்களிலும் விதிவிலக்கு உண்டு. கிடைத்தவர் வீட்டில் விருந்து நடக்கும், நமக்குத் தெரியும். கிடைக்காத நாற்பது பேர் வீட்டில் கதவு சாத்தியிருக்கும். ஒரு விருந்தை வைத்து ஊருக்கே விதி எழுதுகிறோம். அந்தப் பையன் ராணுவத்தில் இருந்தானா, கிராமப்புற மாநிலக் கல்லூரி தன் மாநிலத்துப் பிள்ளை என்று எடுத்ததா, கடைசி அறுபது கிரெடிட்டில் என்ன வாங்கினான் என்று யாரும் கேட்பதில்லை.

நிராகரிப்பு என்பது பிள்ளையின் தகுதிமேல் எழுதிய தீர்ப்பு என்று நினைப்பவர்களுக்கு ஹூஸ்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1979-இல் அங்கிருந்த டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 150 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, இன்னும் 50 இடம் கூட்டும்படி மாநிலச் சட்டமன்றம் சொன்னது. வேறு வழியின்றி, நேர்காணலில் தாங்கள் ஏற்கனவே தள்ளிவிட்டவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். பின்னாளில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு 1987-இல் ஜாமா இதழில் ஒரு கட்டுரை வந்தது: படிப்பிலும், மருத்துவமனைப் பயிற்சியிலும், பட்டத்துக்குப் பிந்தைய முதல் வருஷத்திலும் இரண்டு தரப்புக்கும் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. ‘ஈடு கட்டலாம்’ கட்சியினர் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுக்க வேண்டாம். அந்த 50 பேரும் நேர்காணல் அறைவரை வந்தவர்கள். காகிதத்தில் தேறியவர்கள். வெளியே விட்டது நேர்காணல் எடுத்தவர்களின் அபிப்பிராயம். ஆகவே அந்த ஆய்விலிருந்து நமக்குக் கிடைப்பது இதுதான்: அறைக்குள் நடப்பதில் அதிர்ஷ்டம் நிறைய உண்டு, ஆனால் அறைக்குள் கூப்பிட வைப்பது காகிதம்.

அவசரக் கட்சியின் கடைசிப் புகலிடம் கரீபியன் தீவுகள். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை சேர்க்கை, விண்ணப்பித்துச் சில வாரங்களில் கடிதம், வருஷம் வீணாகாது. அங்கே படித்து நல்ல டாக்டர்களாக ஆனவர்கள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் குடும்ப டாக்டரே அப்படி இருக்கலாம். ஆனால் ஒரு எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். 2024-இல் பட்டத்துக்குப் பிந்தைய ரெசிடென்சிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தவர்கள்: அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் கடைசி வருஷ மாணவர்களில் 100-க்கு 93 பேர், டி.ஓ. கல்லூரி மாணவர்களில் 92 பேர், வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67 பேர். இந்த 67, தேர்வுகளில் தேறி அந்தக் கட்டம்வரை வந்து சேர்ந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. நடுவில் கழன்றவர்கள் இதில் இல்லை. தேர்ச்சி வீதத்தையும் ரெசிடென்சி வீதத்தையும் மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக ஒரு கரீபியன் கல்லூரிமேல் 2022-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து, 12 லட்சம் டாலர் தீர்வுக்குக் கொண்டுவந்தது. என்ஆர்ஐ கோட்டாவில் இந்தியாவுக்கு அனுப்பலாம் என்பவர்களுக்கு: அதற்கும் நீட் எழுத வேண்டும், திரும்பி வரும்போது இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு வருஷம் காத்திருக்க மனமில்லாமல் மூன்றில் ஒருவர் வழுக்கி விழும் பாதையில் லட்சக்கணக்கான டாலர் கடனோடு பிள்ளையை ஏற்றிவிடுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது. அதற்குமுன் பார்க்க வேண்டியது டி.ஓ. கல்லூரிகள். அங்கே சேர்பவர்களின் எம்கேட் சராசரி எம்.டி.யைவிட ஏழெட்டுப் புள்ளி குறைவு. 2020-இலிருந்து ரெசிடென்சி அங்கீகாரமும் இரு தரப்புக்கும் ஒன்றாகிவிட்டது. “எம்.டி. இல்லையா, ஊர்ல என்னன்னு சொல்றது?” என்ற கூச்சம் ஒன்றுதான் நம்மவர்களைத் தடுக்கிறது, நோயாளிக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

எதிர்த் தரப்பின் நியாயமான வாதம் ஒன்று உண்டு. ஒரு வருஷம் தள்ளினால், வாழ்நாளின் கடைசியில் ஒரு வருஷ டாக்டர் சம்பளம் குறையும். அது சின்னத் தொகை இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சம்பளம், உள்ளே போனவருக்குத்தான். தோற்ற விண்ணப்பம் அதே வருஷத்தையும் எடுத்துக்கொண்டு, அடுத்த வாய்ப்பையும் மெலிய வைக்கிறது என்பதை முன்பே பார்த்தோம். வயதைச் சொல்பவர்களுக்கு: இன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டம் முடித்து ஒரு வருஷமாவது கழித்து வந்தவர்கள். நேராக உள்ளே போவதுதான் இப்போது சிறுபான்மை. “பெண் பிள்ளை, கல்யாண வயசு” என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை; 22 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாலும் அந்தக் கணக்கு இடிக்கத்தான் போகிறது.

ஒரு வருஷம் தன்னால் எதையும் குணப்படுத்திவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மதிப்பெண் ஏன் விழுந்தது என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்றால், கூடுதல் வருஷம் கூடுதல் ‘சி’க்களைத் தரும். உயர்நிலைப் பள்ளியில் எடுத்த ஏபி பாடங்களைக் காட்டி அடிப்படை வகுப்புகளைத் தாண்டி, முதல் செமஸ்டரிலேயே மேல்வகுப்பில் போய் விழுந்த பிள்ளைகள் நிறைய. வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் உண்டு. மனச்சோர்வு வந்து மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாமல், வீட்டுக்கு போன் செய்யும்போது மட்டும் குரலைச் சரிசெய்துகொண்டவர்கள் உண்டு. படிக்கும் முறையே தெரியாமல், மனப்பாடத்தால் பள்ளியைத் தாண்டி வந்தவர்கள் உண்டு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேறு. சிலருக்கு மருத்துவமே வேண்டாம்; அதை வாய்விட்டுச் சொல்லவும் அந்த ஒரு வருஷம் இடம் கொடுக்கும். அவசரக்காரர்கள் பயப்படுவது இதற்காகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இந்த மே மாதம் உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வரும். விண்ணப்பத்துக்கு என்று ஒதுக்கிய மூவாயிரத்துச் சொச்சம் டாலரை எடுத்து, பக்கத்தில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் இலையுதிர் செமஸ்டருக்கு இரண்டு அறிவியல் பாடங்களுக்குக் கட்டுங்கள். எம்கேட் தேதியை ரத்து செய்யுங்கள். டாக்டர் மாமாவிடம் பிள்ளையே பேசிக்கொள்ளட்டும். நீங்கள் நடுவில் போக வேண்டாம்.